இருபதாவது வளைவில் ஏறும் முள்

இந்த முறை ஊரில் இருந்த மூன்று வாரத்தில் ஐந்து நாள் பட்டறை வாசல்களிலேயே போய்விட்டது. ஆதார் திருத்தம், பேங்க் வேலை, பல் டாக்டர் எல்லாம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் முடிந்தன, அவற்றைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. மாமாவின் பிக்கப் கதைதான் சொல்ல வேண்டியது.

மாமாவுக்குக் கொல்லிமலையில் செம்மேடு பக்கம் தோட்டம். வாழைத்தார், பலா, அன்னாசி, மிளகு என்று நாமக்கல்லுக்கு இறக்குவார், திரும்பும்போது சிமென்ட்டோ உரமோ ஏற்றிக்கொண்டு போவார். அந்த ரோடு போனவர்களுக்குத் தெரியும், காரவள்ளி அடிவாரத்தில் ஆரம்பித்தால் மேலே போய்ச் சேரும் வரை 70 கொண்டை ஊசி வளைவு. வண்டி இருபதாவது வளைவு வரை ஒழுங்காகப் போகிறது, அதற்கப்புறம் டெம்பரேச்சர் முள் மெல்ல ஏறத் தொடங்குகிறது, முப்பதைத் தாண்டினால் ஓரங்கட்டி நிறுத்தியே ஆக வேண்டும். இரண்டு மாதமாக இப்படித்தான் என்றார். நான் இருப்பது கனடாவில் எட்மன்டனில், குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரியில் வண்டி ஸ்டார்ட் ஆகுமா என்று கவலைப்படுகிற ஊர். வண்டி சூடாகிற பிரச்சினை எனக்கே புதுசு.

முதலில் போன இடத்தில் பத்து நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சுங்க, இன்ஜினைப் பிரிக்கணும், நாப்பதாயிரம் ஆகும்." இன்ஜின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே தண்ணீரும் ஆயிலும் கசியாமல் அடைக்கிற தகடு அது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். காலையில் வெள்ளைப் புகை வருகிறதாம். மார்கழிக் காலையில் சைலன்சரில் வெள்ளைப் புகை வராமல் வேறென்ன வரும், எங்கள் ஊரில் வருடத்தில் பாதி நாள் எல்லா வண்டியும் அப்படித்தான் புகைகிறது. ஆயில் டிப்ஸ்டிக்கை இழுத்துக் காட்டச் சொன்னேன், ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் பால் கலந்த டீ மாதிரி இருக்கும், இது சுத்தமாகத்தான் இருந்தது. செலவை எழுதித் தருவீர்களா என்று கேட்டதற்குச் சிரித்தார்கள். கனடாவில் வண்டியைத் தொட்டுப் பார்க்கவே ஒரு மணி நேரக் கூலி நூறு டாலருக்கு மேல் கேட்பார்கள், அது வயிற்றெரிச்சல்தான், ஆனால் என்ன சோதித்தோம் என்று காகிதத்தில் இருக்கும்.

இரண்டாவது இடத்தில், இன்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ஆற்றுகிற ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடாமல் பிடித்து வைக்கும் வால்வை, அதாவது தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, "நம்மூரு சூட்டுக்கு இது வேண்டாங்க, இனி ஜில்லுன்னு போகும்" என்றார்கள். இருநூறு ரூபாய்தான். விளைவு என்னவென்றால், இறக்கத்தில் முள் கீழேயே படுத்துக் கிடந்தது, ஏற்றத்தில் முன்னைவிடச் சீக்கிரம் சூடானது. இது ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. இந்த இன்ஜினில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றிவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் குறுக்கு வழியில் மறுபடி இன்ஜினுக்குள் வந்துவிடும். எல்லா இன்ஜினும் இப்படி இல்லை, ஆனாலும் கழற்றி எறிவது வைத்தியம் இல்லை. இன்ஜின் சூடேறாமலே ஓடினால் டீசல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

மூன்றாவதாகப் போனது நாமக்கல்லில் ரேடியேட்டர் வேலை மட்டும் பார்க்கிற ஒரு சின்னக் கடை. லாரியால் வாழ்கிற ஊர், பாடி கட்டுகிற பட்டறைகளுக்கு நடுவே இப்படி ஒரே வேலையில் ஊறினவர்கள் இருக்கிறார்கள். அறுபது வயது இருக்கும் அவருக்கு. பானெட்டைத் திறக்கும் முன்னாலேயே மாமாவிடம் கேட்டார்: "ஏனுங்ணா, ஏத்தத்துல மட்டும் சூடாகுதுங்களா, டிராபிக்ல நின்னாலும் ஆகுதுங்களா?"

ஏற்றத்தில், அதுவும் லோடு இருந்தால் மட்டும். பஸ் ஸ்டாண்டு நெரிசலில் ஒன்றும் ஆவதில்லை.

"அப்ப ஃபேன் மேல எனக்குச் சந்தேகம் கம்மிங்க. நின்னா சூடாகி, ஓடினா இறங்குனா ஃபேன். இது ரேடியேட்டருக்குத் திராணி பத்தல." இரண்டு பட்டறையிலும் யாரும் கேட்காத கேள்வி அது.

இருந்தாலும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆறின இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார், குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால்தான் ஹெட் கேஸ்கெட், வரவில்லை. (சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது, மாமா போன மாதம் திறந்து முழங்கையில் தழும்போடு இருக்கிறார்.) வாட்டர் பம்ப்பில் ஒழுக்கு இல்லை. மீட்டர் பொய் சொல்கிறதா என்று ஸ்கேனரை மாட்டி, இன்ஜின் கம்ப்யூட்டர் சொல்லும் சூட்டோடு ஒப்பிட்டார், முள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. அப்புறம் துப்பாக்கி மாதிரி ஒரு தெர்மாமீட்டர், அதைச் சூடான ரேடியேட்டர் முழுக்க வரிவரியாக ஓட்டினார். மேலே 88, 85 என்று வந்துகொண்டிருந்த நம்பர், கீழ் வலது மூலையில் திடீரென்று 45. அங்கே தண்ணீரே ஓடவில்லை. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குழாய் அடைத்திருக்கிறது.

காரணம் மாமாதான். கூலன்ட் வாங்காமல் வருடக்கணக்கில் தோட்டத்து போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். டீ போடும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, அதே உப்புதான் ரேடியேட்டருக்குள்ளும் படிந்திருக்கிறது. போதாததற்கு ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவே தேங்காய் நார்த் தூசி மெத்தை மாதிரி அடைந்திருந்தது, முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. மூடி ரப்பரும் விறைத்துப்போய் அழுத்தம் பிடிக்கவில்லை. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். அது இல்லாமல் வெறும் தண்ணீர் என்றால் 100, மலைமேல் 1,000 மீட்டருக்கு மேல் போனால் 96, 97 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

பித்தளை ரேடியேட்டர் என்றால் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்திருப்பாராம். இது அலுமினியம், பிளாஸ்டிக் தொட்டி, குத்தினால் கிழிந்துவிடும். புது ரேடியேட்டர், மூடி, தெர்மோஸ்டாட், பேட்டரித் தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 11,400 ரூபாய். சீட்டு கேட்டேன், நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து வரிசையாக எழுதிக் கொடுத்தார், டீயும் அவர் கணக்கு. குறை சொல்வதென்றால், மத்தியானம் தருகிறேன் என்ற வண்டி இரவு எட்டரைக்குத்தான் கைக்கு வந்தது, போன் செய்தால் எடுக்கவே மாட்டார்.

மறுநாள் முப்பது மூட்டை சிமென்ட்டோடு ஏறினோம். இருபதாவது வளைவில் மாமா பேச்சை நிறுத்திவிட்டார். முப்பது, நாற்பது, ஐம்பது. முள் பாதியைத் தாண்டவே இல்லை. எழுபதாவது போர்டில்தான் மூச்சு விட்டார். இறங்கிப் பார்த்தால் சீட்டுக்குப் பின்னால் அந்தப் பழைய போர் தண்ணி கேன் நிரம்ப இருக்கிறது. இது எதுக்கு மாமா என்றேன்.

"அது கை கழுவ, மாப்ள."