இஃபாக்கா, பெர்னியாவா? அல்தேயாவில் தங்கி மலை ஏறப் போகிறவர்களுக்கு

ஸ்பெயினின் கிழக்குக் கரையில், அலிகாந்தே மாகாணத்தில் இருக்கிறது அல்தேயா. வெள்ளை வீடுகள், நீல ஓடு பதித்த குவிமாடத்தோடு ஒரு தேவாலயம், கீழே கூழாங்கல் கடற்கரை. ஊரைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டாம், படங்களில் பார்த்திருப்பீர்கள். ஊரைச் சுற்றி நிற்கும் பாறை மலைகள்தான் இங்கே பேச்சு. விடுமுறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு நாளைத்தான் மலைக்கு ஒதுக்குவார்கள். அந்த ஒரு நாளை எதற்குக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

போட்டியில் மூன்று பேர். கால்ப் ஊரின் கடலோரத்தில் ஒற்றைக் கல்லாக நிற்கும் இஃபாக், 332 மீட்டர். அல்தேயாவுக்கு வடக்கே மதில் போல நீளும் பெர்னியா மலைத்தொடர், 1,100 மீட்டருக்கும் மேல். தெற்கே அல்பிருக்கும் பெனிதோர்முக்கும் நடுவில் கடலை ஒட்டி ஓடும் செர்ரா ஜெலாதா, 438 மீட்டர். மூன்றிலும் நடந்தவன் என்ற முறையில் என் ஓட்டு பெர்னியாவுக்கு. அதுவும் உச்சிக்கு இல்லை, மலையைச் சுற்றி வரும் பாதைக்கு.

காட்சியை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது, மூன்றிலிருந்தும் கடல் பிரமாதம். இஃபாக்கின் தலையில் நின்றால் மூன்று பக்கமும் நீலம். நான்காவது பக்கத்தில் கால்ப் நகரின் அடுக்குமாடிகளும், நடுவே ஃபிளமிங்கோ நாரைகள் நிற்கும் பழைய உப்பளமும். வானம் துடைத்துவிட்ட நாளில் இபிஸா தீவு கூடத் தெரியும். என்ன, இந்தக் கரையில் கண்ணுக்கு அழகான பொருளே இஃபாக் பாறைதான். அதன் மேல் ஏறி நின்றுவிட்டால் அது தெரியாது. பெர்னியாவிலிருந்து பார்த்தால் அது கடலுக்குள் தனியாக நிற்பது தெரியும்.

ஏறும் சிரமத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை என்பேன். இஃபாக் போய்வர இரண்டரை மணி நேரம் போதும். பெர்னியா சுற்று ஒன்பது, பத்து கிலோமீட்டர், நின்று பார்த்து நடந்தால் நான்கு மணி நேரம். இரண்டுக்கும் மலையேற்றப் பயிற்சி என்று தனியாக எதுவும் வேண்டாம்.

முடிவைத் தீர்மானிப்பது காலடியில் இருக்கும் கல். அதுவும் இறங்கும்போது.

மூன்றுமே சுண்ணாம்புப் பாறைதான். சுண்ணாம்புக்கல்லின் குணம் இது: யாரும் மிதிக்காத இடத்தில் மழை அரித்து அரித்து ரம்பப் பல்லாக இருக்கும், செருப்பு ரப்பரைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். நிறைய பேர் மிதித்த இடத்தில் நேர் எதிர். இந்தக் கல் மிருதுவானது. காலணியில் ஒட்டி வரும் மணல் அதைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிவிடும். இஃபாக்கின் பாதை அப்படி மெருகேறிய பாதை. அடிவாரத்திலிருந்து சுரங்கம் வரை வளைந்து வளைந்து போகும் நல்ல நடைபாதை, அங்கே ஒரு குறையும் இல்லை. செங்குத்துப் பாறையைக் கடக்க 1918-இல் குடைந்த சுரங்கம் அது. அதற்குள் நுழைந்ததும் தரை மாறிவிடும். ஆட்டுக்கல்லின் உட்குழி எப்படி இருக்கும், அந்த வழவழப்பு. பக்கச் சுவரில் கயிறு கட்டியிருக்கிறார்கள், எல்லோரும் அதைத்தான் பிடித்து நடக்கிறார்கள். சுரங்கம் தாண்டியும் சில திருப்பங்களில் அதே கதைதான், அங்கே ஒரு பக்கம் கீழே கடல் வேறு.

ஏறும்போது இது பெரிதாகத் தெரியாது. உடம்பின் பாரம் முன்னால் இருக்கிறது, கை பாறையைத் தொடும் தூரத்தில் இருக்கிறது. இறங்கும்போது குதிகால் முதலில் படும், பாரம் பின்னால் போகும், வழவழப்பான கல்லில் கால் நழுவ அதுவே போதும். இஃபாக்கில் போன வழியே திரும்ப வேண்டும், சுற்றிப் போக வேறு வழி கிடையாது. ஆகவே எந்த இடத்தை ஏறும்போது “பரவாயில்லை” என்று கடந்தோமோ, அதே இடத்தைக் களைத்த காலோடு, எதிரே ஏறி வருபவர்களுக்கு ஒதுங்கிக்கொண்டு, இறங்கிக் கடக்க வேண்டும். கீழைக்காற்று வீசும் நாளில் கடல் ஈரம் கல்லில் படிந்திருக்கும். மழையே பெய்திருக்க வேண்டாம், பாறை பளபளக்கும். அன்றைக்கு இஃபாக்கை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பெர்னியாவில் வழுக்கல் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. அங்கே தொல்லை வேறு மாதிரி: சரளை. சில இடங்களில் மலைச்சரிவிலிருந்து கொட்டிய கற்குவியலைக் குறுக்கே கடக்க வேண்டும். கால் வைத்தால் கல் நகரும், கூடவே நீங்களும் அரையடி நகர்வீர்கள். ஆனால் அந்தச் சறுக்கல் மெதுவானது, ஊன்றுகோல் இருந்தால் தாங்கிக்கொள்ளலாம். வெள்ளை, மஞ்சள் பட்டை அடித்த கற்களைப் பின்பற்றி, முன்னால் போனவர்கள் மிதித்துப் படிந்த தடத்திலேயே நடந்தால் பாதித் தொல்லை குறையும். முக்கியமான விஷயம், இது சுற்றுப் பாதை. ஒரு கல்லை இரண்டு முறை மிதிக்க வேண்டியதில்லை. இறக்கம் ஒரே மூச்சில் வராமல் சிறிது சிறிதாகப் பிரிந்து வருகிறது, முழங்கால் நன்றி சொல்லும். செருப்புக்கடைக்காரரும் நன்றி சொல்வார், அந்தக் கரடுமுரடு அடியட்டையைத் தின்றுவிடும்.

சரி, கல்லை விட்டுவிட்டு வழியைப் பார்ப்போம். மலையின் வடக்குப் பக்கம் காசஸ் தெ பெர்னியா என்று சில வீடுகள் உள்ள இடத்தில் காரை நிறுத்திவிட்டு, கிழக்கு நோக்கி நடக்கத் தொடங்குங்கள். முக்கால் மணி நேரத்தில் ஃபொராத் வந்துவிடும். மலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு இயற்கையே போட்ட துளை. உயரம் போதாது, முதுகுப்பையைக் கழற்றி முன்னால் தள்ளிக்கொண்டு குனிந்து, சில இடத்தில் கிட்டத்தட்ட உட்கார்ந்தபடி நகர வேண்டும். உள்ளே கல் சில்லென்று இருக்கும். மறுமுனையில் தலையை நீட்டினால் கீழே அல்தேயா விரிகுடா முழுதும். இத்தனை நேரம் நிழலில், கடலே தெரியாமல் நடந்து வந்ததால் அந்த வெளிச்சம் கண்ணைக் கூசும். இதற்காகவே ஃபொராத்தை முதலில் வைத்து, மலையை வலமாகச் சுற்றச் சொல்கிறேன். இடமாகச் சுற்றினால் இது கடைசியில் வரும், கடல் அலுத்துப் போன பிறகு.

தெற்குச் சரிவில் கோட்டை. இரண்டாம் ஃபிலிப் காலத்தில், 1562-இல், இத்தாலியப் பொறியாளர் அந்தொனெல்லி வடிவமைத்தது. கடற்கொள்ளையர் ஒரு பயம். மலைக் கிராமங்களில் இருந்த மொரிஸ்கோக்கள், அதாவது கட்டாயத்தில் கிறிஸ்தவர்களாக்கப்பட்ட முஸ்லிம்கள், கலகம் செய்வார்களோ என்பது இன்னொரு பயம். 1609-இல் மொரிஸ்கோக்களை நாட்டை விட்டே துரத்தினார்கள். மூன்று வருடத்தில் கோட்டையையும் இடித்துப் போட்டார்கள். கட்டி ஏறக்குறைய ஐம்பது வருடம்தான் நின்றது. இன்றைக்கு எஞ்சியிருப்பது நட்சத்திர வடிவச் சுவர்களின் அடிப்பகுதியும், வளைவுக்கூரை தாங்கி நிற்கும் ஓரிரு அறைகளும். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க நல்ல இடம், அந்தப் பக்கத்தில் நிழல் கிடைக்கும் ஒரே இடமும் கிட்டத்தட்ட இதுதான்.

கோட்டையைத் தாண்டி மேற்கே போகும்போது பூயிக் கம்பானா மலை தெரியும், உச்சிக்குப் பக்கத்தில் யாரோ வெட்டி எடுத்தது போல சதுரமாக ஒரு பள்ளத்தோடு. கீழே கயோசா தென் சர்ரியாவின் தோட்டங்கள், வலைப்பந்தல் போட்டு லோக்காட் பழம் விளைவிக்கிறார்கள். பாதையோரம் ரோஸ்மேரி, தைம், முழங்கால் உயரத்துக்கு விசிறிப்பனை.

பெர்னியாவுக்கு எதிராகச் சொல்ல இரண்டு விஷயம் இருக்கிறது. முதலாவது, போய்ச் சேருவது. அல்தேயாவிலிருந்து கால்ப்புக்குக் கடலோர ரயில் இருக்கிறது, இறங்கி நடந்தே இஃபாக் அடிவாரத்துக்குப் போய்விடலாம். பெர்னியாவுக்குக் கார் வேண்டும். மலைச் சாலை குறுகல், எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுக்க வேண்டியிருக்கும். அல்தேயா லா வேயா கிராமத்துக்கு மேலிருந்தும் சுற்றைத் தொடங்கலாம், ஆனால் ஏற்றம் அதிகம். இரண்டாவது, வெயில். தெற்குச் சரிவில் மரமே இல்லை. நான் போனதெல்லாம் குளிர்காலமும் வசந்தமும்தான். ஜூலை, ஆகஸ்டில் எப்படி என்று அனுபவத்தில் சொல்ல முடியாது, அந்தச் சரிவை நினைத்துப் பார்த்தால் போகவும் தோன்றவில்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் குளிர்காலத்திலேயே தீர்ந்துவிடுகிறது. அப்புறம், பெர்னியாவின் கத்தி முனை போன்ற முகட்டில் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது கயிறு தெரிந்தவர்களின் வேலை, நான் தொட்டதில்லை, இந்த ஒப்பீட்டில் அது சேராது.

இஃபாக்குக்குத்தான் போவேன் என்றால் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். இணையத்தில் இலவசம்தான், ஆனால் சுரங்கத்துக்கு அப்பால் நாளுக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. காலையில் முதல் நேரத்துக்கே பதிவு எடுத்தால் இறங்கும்போது எதிரே கூட்டம் குறைவாக இருக்கும். வசந்தத்தில் கடற்காகங்கள் கூடு கட்டியிருக்கும், தலைக்கு மேல் பாய்ந்து மிரட்டும், தொப்பி போட்டுக்கொள்வது நல்லது. உச்சி வரை போக மனமில்லை என்றால் சுரங்க வாயிலோடு திரும்பினாலும் நஷ்டமில்லை, காட்சியில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

செர்ரா ஜெலாதாவைச் சுருக்கமாகச் சொன்னதற்குக் காரணம், அது இரண்டு மலை. அல்பிர் கலங்கரை விளக்கம் வரை போகும் பாதை தார் போட்டது, ஏறக்குறைய சமதரை, ஒரு பக்கம் இரண்டரை கிலோமீட்டர். வழியில் கைவிடப்பட்ட காவிமண் சுரங்கங்கள், கீழே பச்சைத் தண்ணீர். வயதான அப்பா அம்மாவோடு வந்தவர்கள் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். பெனிதோர்ம் வரை முகட்டோடு போகும் பாதை வேறு ரகம்: ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, 300 மீட்டர் செங்குத்துப் பாறையின் ஓரமாகவே போகும். அதை நான் பாதிதான் நடந்திருக்கிறேன், முழுப் பாதைக்கும் மதிப்பெண் போட எனக்கு உரிமையில்லை.

எதற்கும் காலையில் அல்தேயா கடற்கரையில் நின்று வடக்கே பாருங்கள். பெர்னியாவின் தலையில் மேகம் உட்கார்ந்திருந்தால் அன்று மேலே ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்ட நாளில் பெரும்பாலும் கீழைக்காற்றும் இருக்கும், இஃபாக்கும் ஈரமாக இருக்கும். கலங்கரை விளக்கத்துக்கு நடந்துவிட்டு, பெர்னியாவை அடுத்த நாளுக்குத் தள்ளிப் போடுங்கள்.