மெர்பாவின் கண் நிறம் தெரிகிறதா? ஐந்நூறு வெள்ளி 8×42 பைனாகுலர் ஒரு மதிப்புரை

கோலகுபு பாரு பக்கத்துத் தோட்டங்களில் பறவை பார்க்க ஆரம்பிப்பவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் நூறு வெள்ளிக்குள் கிடைக்கும் பைனாகுலர்தான். பெட்டியில் 20×50 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும், முன்கண்ணாடி செக்கச்செவேலென்று மின்னும். செம்பனை மட்டையில் உட்கார்ந்திருக்கும் பருந்தை அதில் பார்க்கலாம். கித்தாக் காட்டு நிழலில் ஒரு பழுப்புக் குருவி வந்து உட்கார்ந்தால், அது பழுப்புக் குருவி என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. அந்தச் சிவப்புப் பூச்சு உள்ளே போக வேண்டிய சிவப்பு ஒளியை வெளியே திருப்பிவிடுகிறது. படம் பச்சை பாய்ந்து தெரியும். குருவிக்குச் சிவப்புக் கண்ணா வெள்ளைக் கண்ணா என்று பார்க்க வேண்டிய வேலைக்கு இதைவிடப் பொருந்தாத கருவி கிடையாது.

இங்கே எடைபோடுவது அதற்கு அடுத்த படியில் இருக்கும் ரகத்தை: ஐந்நூறு அறுநூறு வெள்ளிக்கு இணையக் கடைகளிலும் பெரிய கேமராக் கடைகளிலும் கிடைக்கும் 8×42 (8 மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடி), நேர்க்குழாய் உடல், பாக்-4 என்ற நல்ல ரகக் கண்ணாடியில் செய்த பட்டகம், நைட்ரஜன் நிரப்பியது, எடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நிறுவனப் பெயர் சொல்லவில்லை, சொல்லிப் பயனும் இல்லை. இந்த விலையில் ஒரே உடல் நாலைந்து பெயர்களில் வருகிறது, அடுத்த வருடம் அதே பெயரில் வேறு உடல் வருகிறது. கையில் வந்து சேர்ந்த அந்த ஒரு பைனாகுலர் தேறுமா என்பதுதான் கேள்வி.

தேறுமா என்பதை எவ்வளவு தூரம் தெரிகிறது என்று பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒன்றுபோல இருக்கும் எந்தெந்தக் குருவிகளைப் பிரித்துக் காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். நல்ல கண்ணுக்கு 20 மீட்டரில் சுமார் 6 மில்லிமீட்டர் வரைதான் பிரித்துத் தெரியும். 8 மடங்கு பெருக்கினால் அது முக்கால் மில்லிமீட்டராக இறங்குகிறது. நம் பக்கத்துக் காட்டுக் குருவிகளைப் பிரிக்கும் அடையாளங்கள் எல்லாம் ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கின்றன.

முதல் பரீட்சை மெர்பா, அதாவது சின்னான். வீட்டோரத்திலும் செர்ரி மரத்திலும் கத்தும் மஞ்சள் அடிவால் சின்னானை யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. தொல்லை, தோட்ட எல்லை தாண்டிக் காட்டு விளிம்பில் மஹாங் மரத்திலும் செண்டுடுக் புதரிலும் பழம் தின்ன வரும் பழுப்புச் சின்னான்கள். நான்கு இனம், நான்கும் மேலே பழுப்பு, கீழே வெளிறிய பழுப்பு, ஒரே மரத்தில் ஒன்றாகவே வரும். செங்கண் சின்னானுக்கு உடம்பில் எந்த அடையாளமும் இல்லை, கண் மட்டும் ஆரஞ்சுச் சிவப்பு. அதே உருவத்தில் அடிவயிறு கொஞ்சம் பால் வெள்ளையாக, கண் வெள்ளையாக இருந்தால் அது வெண்கண் சின்னான். சிவந்த கண்ணைச் சுற்றி மெல்லிய ஆரஞ்சு வளையம், தொண்டை வெளுப்பு, உருவம் கொஞ்சம் சின்னது என்றால் கண்ணாடிச் சின்னான். நான்காவது ஒலிவச் சிறகுச் சின்னான்: கண் சிவப்புதான், ஆனால் மடித்த சிறகில் மஞ்சள்பச்சை படர்ந்திருக்கும், கன்னத்தில் நரைமுடிபோல் மெல்லிய வெள்ளைக் கீற்றுகள் ஓடும்.

இதில் இந்த 8×42 எப்படி? கண் நிறம் 25 மீட்டர் வரை தெளிவாகத் தெரிகிறது, நிழலிலும். சிறகின் மஞ்சள்பச்சை 30 மீட்டரிலும் தெரிகிறது. கண்ணாடிச் சின்னானின் வளையம்தான் எல்லையைத் தொடுகிறது. 20 மீட்டரைத் தாண்டினால் வளையம் கண்ணோடு கரைந்து, பார்ப்பது செங்கண் போலவே ஆகிவிடும். அந்த இடத்தில் வளையம் இல்லை என்று எழுதிக்கொள்வது தவறு. வளையம் தெரியவில்லை என்றுதான் எழுத வேண்டும். இரண்டு எச்சரிக்கை. இளம் பறவைகளுக்கு எல்லா இனத்திலும் கண் மங்கிய பழுப்பு, அவற்றுக்குக் கண்ணை வைத்துப் பெயர் வைக்காதீர்கள். அடுத்து, வெண்கண் என்ற அடையாளம் தீபகற்பத்துக்குத்தான் செல்லும். சபா சரவாக் போய் அதே கணக்குப் போட்டால் உதைக்கும்.

இரண்டாவது பரீட்சை சிலந்திபிடிப்பான். லயத்துக்குப் பின்னால் வாழைத்தோட்டம் இருந்தால் போதும், வாழைப்பூவுக்கு வரும். சிறிய சிலந்திபிடிப்பானுக்குத் தலை சாம்பல், தொண்டை வெள்ளை, வயிறு மஞ்சள். அதில் குழப்பம் இல்லை. குழப்பம் முகத்தில் மஞ்சள் உள்ள இரண்டில்தான். ஒன்றுக்குக் கண் வளையம் மெல்லியது, காதோரம் மஞ்சள் கற்றை நீளமாகப் பின்னோக்கி ஓடும்: மஞ்சள்காது. மற்றதற்கு வளையம் தடித்து மூக்குக்கண்ணாடி மாட்டியதுபோல் இருக்கும், காதோர மஞ்சள் சிறிய திட்டு மட்டும், அலகு அடியில் பருத்தது, உருவமும் பெரிது: கண்ணாடிச் சிலந்திபிடிப்பான். வாழைப்பூவில் ஐந்தாறு மீட்டர் தொலைவில் பார்ப்பதால் தெளிவு ஒரு பிரச்சினையே இல்லை. இங்கே வேறொன்று உதைக்கிறது. குருவி பூவில் தங்குவது சில விநாடி, அடுத்த பூ ஒரு மீட்டர் முன்னே இருக்கும், ஃபோகஸ் சக்கரத்தைச் சட்டென்று திருப்ப வேண்டும். இந்த ரகத்தில் சக்கரம் மந்தம். மிக அருகிலிருந்து தூரம் வரை போக ஒன்றரைச் சுற்றுக்கு மேல் கேட்கிறது, கிரீஸ் கெட்டியாக இருப்பதால் காலையில் இன்னும் இறுகுகிறது. சில வாரம் புழங்கினால் இளகும், ஆனால் வேகம் கூடாது. விலை உயர்ந்த கருவிக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் ஒரு பங்கு இந்தச் சக்கரத்துக்குத்தான் போகிறது.

மூன்றாவது, அக்டோபர் முதல் மார்ச் வரை வடக்கிலிருந்து வந்து தங்கும் ஈப்பிடிப்பான்கள். பழுப்பு ஈப்பிடிப்பானுக்கு நெஞ்சு அழுக்கு வெள்ளை, கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே வெளுப்பு, கீழ் அலகின் அடிப்பாகம் மஞ்சள். கருமார்பு ஈப்பிடிப்பானுக்கு நெஞ்சின் இரு பக்கமும் புகை பூசியதுபோல் கோடுகள், அலகு ஏறக்குறைய முழுக் கருப்பு, மடித்த சிறகு வாலில் நீண்டு போகும். இரண்டுமே காய்ந்த கிளை நுனியில் வெட்டவெளியில் உட்காரும், பின்னால் வெளுத்த வானம். இங்கேதான் இந்தப் பைனாகுலரின் உண்மையான குறை வெளிவருகிறது. வானத்துக்கு எதிரே இருக்கும் கருத்த உருவத்தின் ஓரத்தில் ஊதாவும் பச்சையுமாக ஒரு கோடு ஒட்டிக்கொள்கிறது. ஈடி கண்ணாடி, அதாவது இந்த நிறக்கோட்டைக் குறைக்கும் சிறப்புக் கண்ணாடி, இல்லாத எல்லா மலிவு ரகத்திலும் இது உண்டு, ஈடி என்று எழுதி விற்கும் சிலதிலும் உண்டு. கீழ் அலகின் மஞ்சளை அந்த ஊதா விழுங்கிவிடும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: பறவையைப் பார்வை வட்டத்தின் நட்ட நடுவில் வைத்துக்கொள்ளுங்கள், ஓரத்துக்குப் போகப்போகக் கோடு தடிக்கும். அல்லது நாலு எட்டு நடந்து, பின்னால் வானத்துக்குப் பதில் இலை வரும்படி நில்லுங்கள். கரிச்சானையும் கரிச்சான் குயிலையும் பிரிக்க இந்தத் தொல்லை இல்லை. குயிலுக்கு அலகு மெலிந்தது, வாலின் அடியில் வெள்ளைப் பட்டைகள் வரிசையாகத் தெரியும். கரிச்சானுக்கு அலகு தடித்தது, அலகின் அடியில் மீசை முடி.

இலைக்கதிர்க்குருவிகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: எந்த விலைப் பைனாகுலரும் அவற்றை முழுதாகப் பிரித்துத் தராது, குரல் வேண்டும். கார்னெல் பறவையியல் கூடத்தின் மெர்லின் செயலி இலவசம், மலேசியப் பறவைத் தொகுப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் லைன் கிடைக்காத இடத்திலும் ஓடும்.

ஏன் 8, ஏன் 10 இல்லை என்ற கேள்வி கடையில் கட்டாயம் வரும். விற்பவர் 10×42 எடுக்கச் சொல்வார். முன்கண்ணாடியின் அகலத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் குறுக்களவு கிடைக்கும். 8×42இல் அது 5.25 மில்லிமீட்டர், 10×42இல் 4.2, சட்டைப்பை 10×25இல் 2.5. நம் ஊரில் சூரியன் எழவே ஏறக்குறைய ஏழு மணி ஆகிவிடும், பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பது அதற்கடுத்த இரண்டு மணி நேரம், அந்நேரம் காட்டுக்குள்ளே இன்னும் இருட்டு. கண்பாவை விரிந்திருக்கும் அந்த வெளிச்சத்தில் 2.5 மில்லிமீட்டர் கற்றை போதவே போதாது. தவிர, 8 மடங்கில் 1000 மீட்டருக்கு சுமார் 130 மீட்டர் அகலம் தெரியும், 20 மீட்டரில் அது 2.6 மீட்டர். இலைக்கூட்டத்தில் கூட்டமாகத் தாவிக்கொண்டே போகும் பறவைகளைத் தேட அந்த அகலம் வேண்டும். 10 மடங்கில் அகலமும் குறைகிறது, கை நடுக்கமும் எட்டு மடங்கிலிருந்து பத்து மடங்காகிறது. ஏரிக்கரையிலும் வயல்வெளியிலும் பார்ப்பவர்களுக்கு 10 சரி. ஃபிரேசர்ஸ் ஹில் சாலையோரக் காட்டுக்கும் தோட்டத்து நிழலுக்கும் 8.

வாங்கும்போது கடையிலேயே, இணையத்தில் வாங்கினால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், இவற்றைப் பாருங்கள். கருவியைக் கை நீட்டத்தில் பிடித்து வெளிச்சத்தை நோக்கினால் கண்கண்ணாடியில் வெண்மையான வட்டம் தெரியும். அது முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டு, சாம்பல் நிழலோடு சதுரம்போல் தெரிந்தால் பட்டகம் மட்டம், பெட்டியில் பாக்-4 என்று அச்சடித்திருந்தாலும் சரி. முன்கண்ணாடியில் குழல்விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். பச்சையும் ஊதாவுமாக மங்கலாக இருந்தால் பூச்சு உண்டு, வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தால் பூச்சு போடாத கண்ணாடி. தூரத்துக் கம்பத்தை இரண்டு கண்ணாலும் ஒரு நிமிடம் விடாமல் பாருங்கள். கண் இழுப்பதுபோல், தலை பாரமாக இருந்தால் இரண்டு குழாயும் ஒரு நேரில் இல்லை. இந்த விலையில் அதிகம் வரும் குறை இதுதான், பழுது பார்க்கக் கொடுக்கும் கூலிக்குப் புதிதே வாங்கிவிடலாம். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் ரப்பர் மூடியைக் கீழே இறக்கிவிட்டு, வட்டம் முழுதாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கண் தொலைவு, அதாவது முழு வட்டமும் தெரியும்படி கண்ணைக் கண்கண்ணாடியிலிருந்து தள்ளி வைக்கக்கூடிய தூரம், 15 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ஓரம் வெட்டுப்படும்.

வாங்கிய பிறகு பலர் விட்டுவிடுவது வலது கண்கண்ணாடியில் இருக்கும் திருகு வளையம். இரண்டு கண்ணின் பார்வையும் சமமாக இருப்பது அபூர்வம், அதைச் சரிசெய்யத்தான் வளையம் இருக்கிறது. வலது முன்கண்ணாடியைக் கையால் மூடி, நடுச் சக்கரத்தால் இடது கண்ணுக்கு ஓர் எழுத்துப்பலகையைத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வளையத்தை மட்டும் திருப்பி வலது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். இந்த ரகத்தில் வளையத்துக்குப் பூட்டு இல்லை, பையில் உரசித் திரும்பிவிடும். அதனால் சரியான இடத்தில் வெள்ளை பெயிண்டால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். படம் மங்குகிறது என்று வரும் புகார்களில் பாதிக்கு அந்தப் புள்ளி பதில் சொல்லிவிடும்.

கூட வரும் கழுத்துவார் மெல்லிய நைலான், ஒரு மணி நேரத்தில் பிடரியை அறுக்கும். தோளில் மாட்டும் இரட்டைவார் தனியாக வாங்கிவிடுங்கள். முன்கண்ணாடி மூடிகள் எப்படியும் கழன்று விழும், விழுவதற்கு முன் கழற்றி வீட்டில் வைப்பது நல்லது. 8×32 எடுத்தால் எடை வெகுவாகக் குறையும், ஒளிக்கற்றை 4 மில்லிமீட்டராக இறங்கும். தோள்வலிக்காரர்களுக்கு அந்தப் பேரம் கட்டுப்படியாகும்.

கடைசியாகப் பூஞ்சை. நைட்ரஜன் உள்ளே பனி படியாமல் காக்கும், வெளிக்கண்ணாடியை அது காக்காது. ஏர்கான் காரிலிருந்து இறங்கியதும் பனி படிந்தால் துடைக்காதீர்கள், பத்து நிமிடம் விட்டால் தானே போகும். துடைத்தால் தூசியோடு சேர்ந்து கண்ணாடி கீறும். மழையில் நனைந்த தோல்பையோடு அலமாரியில் வைத்துப் பூட்டினால் சில மாதத்திலேயே கண்ணாடியில் சிலந்திவலைபோல் நூல் படரலாம், அது பூச்சைத் தின்றுவிடும், பிறகு துடைத்தாலும் தடம் போகாது. அரிசி டின்னில் புதைத்து வைப்பதும் வேண்டாம், மாவுத்தூசி சக்கரத்தில் ஏறும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் நிறம் மாறும் சிலிக்கா மணியும் போதும். நிறம் மாறியதும் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம். கேமராவும் வைத்திருப்பவர்கள் உலர்பெட்டி வாங்கி ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்தில் வைத்துக்கொள்ளலாம்.