நேரலைக்கு அனுப்பும் பட்டன்: ஜென்கின்ஸா, கிட்ஹப்பா, கிட்லேபா?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மூன்று பேராகச் சேர்ந்து ஒரு கோயிலின் அர்ச்சனை முன்பதிவுத் தளத்தைப் பார்த்துக்கொள்கிறோம். போன தைப்பூசத்துக்கு முந்தின வாரம் நான் கையாலேயே சர்வரில் கோப்புகளை ஏற்றினேன், ஒன்று விட்டுப்போனது. "அண்ணே, யாருக்கும் ரசீதே வரல" என்று கோயில் அலுவலகத் தம்பி போன் செய்த பிறகுதான் தெரிந்தது. அன்றே முடிவெடுத்தோம்: டெஸ்டும் (கோட் சரியாக ஓடுகிறதா என்ற சோதனை) டெப்ளாயும் (கோடை நேரலைத் தளத்தில் ஏற்றுவது) இனி தானாக ஓட வேண்டும். அதற்கான ஜென்கின்ஸ், கிட்ஹப், கிட்லேப் என்ற மூன்று கருவிகளையும் ஒவ்வொரு வாரம் ஓட்டிப் பார்த்தோம்.

ஜென்கின்ஸ், 2011இல் ஹட்சன் என்ற கருவியிலிருந்து பிரிந்து வந்தது. இலவசம்தான். ஆனால் சர்வரும் நம்முடையது, பிளகின்களை (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) புதுப்பிக்கும் வேலையும் நம் தலையில். அதற்கென்று ஆள் வைத்திருக்கும் நிறுவனத்துக்குப் பொருந்தும், எங்களுக்கு வேண்டாம்.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ், தனியார் ரெப்போவுக்கு (பிறர் பார்க்க முடியாத கோட் கிடங்கு) மாதம் 2,000 நிமிட ஓட்ட நேரம் இலவசமாகத் தருகிறது. எங்கள் டெஸ்ட் ஒருமுறை ஓட 6 நிமிடம். ஒரு நாளைக்கு 15 புஷ் (கோடை ரெப்போவுக்கு அனுப்புவது, ஒவ்வொரு முறையும் டெஸ்ட் ஓடும்), 22 வேலை நாள் என்றால் 1,980. மயிரிழையில் தப்பிக்கிறோம். கிட்லேப் தரும் 400 நிமிடம் ஐந்தாம் நாளே தீர்ந்துவிடும்.

காலை ஏழரைக்குப் புஷ் செய்தால் 'இன்றைய முன்பதிவு' டெஸ்ட் விழும். பத்து மணிக்கு அதே கோட் தேறும். இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. கிட்ஹப் ரன்னரின் (டெஸ்டை ஓட்டும் கணினி) கடிகாரம் யூடிசி என்ற உலகப் பொது நேரம், நம்மைவிட 8 மணி நேரம் பின்னால். காலை எட்டு வரை அதற்கு இன்னும் நேற்றுதான்! நேர மண்டலத்தை 'ஆசியா/கோலாலம்பூர்' என்று வைத்ததும் சரியானது. கிட்லேப் ரன்னரிலும் இதையே செய்ய வேண்டியிருந்தது.

இதுவரை பார்த்தால் கிட்ஹப்தான் முன்னால். எனக்கோ வேறொன்று அதைவிட முக்கியம். டெஸ்ட் தேறிய அதே பைப்லைன் (டெஸ்டிலிருந்து டெப்ளாய் வரை ஓடும் வேலை வரிசை), நேரலைக்குப் போகுமுன் ஒருவர் சரி சொல்லும்வரை நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை, கூட்டம் நெரியும் நேரத்தில், தானாக ஏறிவிடக் கூடாது. கிட்லேபில் 'வென்: மேனுவல்' என்று ஒரு வரி போதும், ஒருவர் பட்டனை அழுத்தும்வரை நிற்கும், இலவசத் திட்டத்திலேயே. கிட்ஹப்பில் தனியார் ரெப்போவுக்கு அந்த ஒப்புதல் வசதி என்டர்பிரைஸ் திட்டத்தில்தான் கிடைக்கிறது. கையால் தொடங்கும் தனி வொர்க்ஃப்ளோ (வேலைத் தொடர்) எழுதலாம். ஆனால் டெஸ்ட் தேறாத கோடும் அதன் வழியே ஏறிவிட முடியும். அந்த ஓட்டையோடு என்னால் நிம்மதியாகத் தூங்க முடியாது.

அதனால் கிட்லேபை எடுத்தோம். நிமிடக் குறையை ஒரு பழைய டெஸ்க்டாப் தீர்த்தது: சொந்த ரன்னரில் ஓடும் வேலைக்கு நிமிடக் கணக்கு இல்லை. பட்டனை இப்போது இரவு, கோயில் நடை சாத்திய பிறகே அழுத்துகிறோம்.