மூன்றே நாளில் கால்வலி பறந்துபோகும் 'மூலிகைப் பொடி': ஓடுகிறவர்கள் வாங்கிவிடாதீர்கள்

ஜனவரி மாரத்தான் நெருங்க நெருங்க, சென்னை ஓட்டக் குழுக்களில் பெயர் தெரியாத பொடி டப்பாக்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் காலை ஓட்டம் முடிந்து இளநீர் குடிக்கிற இடத்தில் கைமாறும், இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் வரும். லேபிளில் 'அமுக்கரா (அஸ்வகந்தா), ஷிலாஜித், மேலும் பல அரிய மூலிகைகள்' என்றிருக்கும். எது எத்தனை கிராம் என்று இருக்காது. பேட்ச் எண்ணும் உரிம எண்ணும்கூட இருக்காது. கேட்டால் 'பரம்பரை வைத்தியம் சார்' என்பார்கள்.

அமுக்கராவைக் குறை சொல்லவில்லை. ஆய்வுகளில் பலன் தெரிந்தது வேரிலிருந்து எடுத்த செறிவான சாற்றில்தான்: 300 மில்லிகிராம், இருவேளை, 8 முதல் 12 வாரம். அவையும் சிறிய ஆய்வுகள்; ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் ஓரளவு கூடியது, அவ்வளவுதான். ராசப்பா செட்டி தெருவில் வாங்கும் வெறும் கிழங்குப் பொடி அந்தச் சாறு ஆகாது. அமுக்கரா சூரணம் வேறு சங்கதி. கிராம்பில் தொடங்கி ஒவ்வொரு சரக்கும் முந்தையதைப் போல இரட்டிப்பாகிக்கொண்டே போய், கடைசியில் எடையில் பாதி சர்க்கரையாக நிற்கும். இவற்றில் எதுவும் மூன்று நாளில் முட்டிவலியை நிறுத்தாது.

நிறுத்தினால்தான் சந்தேகப்பட வேண்டும். அப்படி வேலை செய்வது பெரும்பாலும் பொடியில் கலந்த டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு. வலி சட்டென்று மறையும், பசி கூடும், தூக்கம் கெடும், சில வாரத்தில் முகம் உப்பும். வலி தெரியாததால் எலும்பில் விழுந்த விரிசலோடும் ஓடிக்கொண்டிருப்பார்கள். வாரக்கணக்கில் சாப்பிட்டவர்கள் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்துவதுதான் இன்னும் பெரிய ஆபத்து. உடம்பு தானே சுரக்கும் இயற்கை ஸ்டீராய்டான கார்டிசாலைக் குறைத்து வைத்திருக்கும். மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு என்று வந்து சேரும். டப்பாவோடு பொது மருத்துவரிடம் போய், காலை 8 மணி கார்டிசால் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். படிப்படியாக எப்படி நிறுத்துவது என்பதை அவர் சொல்லட்டும்.

குடித்த அரைமணியில் 'கிர்ர்' என்று ஏறுகிற பொடி இன்னொரு வகை. எபெட்ரின் போன்ற ஊக்கி இருக்கலாம். நெஞ்சு படபடக்கும், உடல் வெப்பம் கூடும். நம்மூர்ப் புழுக்கத்தில் 21 கிலோமீட்டர் ஓடும்போது அது விளையாட்டல்ல.

மாவட்ட, மாநிலப் போட்டிகளுக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோரும் பயிற்சியாளர்களும் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஊக்கமருந்துச் சட்டத்தில் 'தெரியாமல் சாப்பிட்டேன்' என்பது தப்பிக்கும் வழி இல்லை. உடம்பில் இருந்தால் பொறுப்பு வீரருடையது. ஸ்டானசோலால் போன்ற, தசையை வளர்க்கும் அனபாலிக் ஸ்டீராய்டு அகப்பட்டால் தொடக்கமே நான்கு ஆண்டுத் தடை. கலப்படமில்லாத மூலிகையும் மாட்டிவிடும். எட்டிக்கொட்டையின் ஸ்ட்ரிக்னின் போட்டி நாளில் தடை; தாமரை விதையின் பச்சை முளையில் இருக்கும் ஹிகெனமின் எந்நாளும் தடை.

வாங்கியே ஆகவேண்டும் என்றால், உணவுத் துணைப்பொருளில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணைத் தேடி, அரசுத் தளத்தில் அடித்துப் பாருங்கள். சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் தயாரிப்பு உரிம எண், பேட்ச், காலாவதி தேதி மூன்றும் இருக்க வேண்டும். எண் சரியாக இருப்பதால் மட்டும் உள்ளே இருப்பது சுத்தம் என்று ஆகிவிடாது, அது வேறு. மருந்தாகவே வேண்டுமென்றால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. நாடி பார்த்துக் கொடுப்பார்கள், கையில் சீட்டும் இருக்கும்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் டப்பாவைக் குப்பையில் போடாதீர்கள். பில், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், முடிந்தால் அதே பேட்சில் பிரிக்காத இன்னொரு டப்பா, எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுக்கவும், நாளை ஒரு வீரர் கலப்படத்தை நிரூபிக்கவும் இவை தேவைப்படும். ஊக்கமருந்துச் சோதனைக்கு வீரர் மாதிரி கொடுக்கும்போது படிவத்தில் கடந்த 7 நாளில் சாப்பிட்டவற்றை எழுதச் சொல்வார்கள். 'வெறும் மூலிகைதானே' என்று இந்தப் பொடியை அங்கே விட்டுவிடாதீர்கள்.