கோளரங்கக் கதவு வரைதான் போனோம்

போன வாரம் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 42 பேரை அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன், ஒரு ஏஜென்ட் மூலமாக. நீங்களும் ஏமாறக் கூடாது என்றுதான் இந்தப் பதிவு.

நுழைவு, கோளரங்கக் காட்சி, நிலைமின் செய்முறை, கூட வந்து விளக்க ஒரு வழிகாட்டி. எல்லாவற்றுக்கும் சேர்த்து முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். 10 மணிக் காட்சிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தது 10.45-க்கு. டீசல் போட ஒருமுறை, டயருக்குக் காற்றடிக்க ஒருமுறை என்று பஸ் வழியில் நின்றுவிட்டது. கோளரங்கக் கதவு சாத்தியிருந்தது. "லேட்டாயிடுச்சு மேடம், நடுவுல விடமாட்டாங்க" என்றார் வழிகாட்டி. உண்மைதான். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். நடுவில் கதவைத் திறந்தால் உள்ளே இருப்பவர்களுக்கு நட்சத்திரம் மங்கிவிடும். அதனால் நானும் நம்பிவிட்டேன்.

நிலைமின் செய்முறைக்குப் போனால், "காத்துல ஈரம் அதிகம், இன்னைக்கு மெஷின் ஓடாது." இதிலும் பாதி உண்மை. ஈரக்காற்றில் அந்த மெஷினின், அதாவது தொட்டால் தலைமுடி சிலிர்த்து நிற்கும் வான் டி கிராஃப் கருவியின், உருண்டையில் மின்னூட்டம் தங்காமல் கசிந்துவிடும். ஆனால் அதே அறையிலிருந்து வேறொரு பள்ளிப் பிள்ளைகள் தலை கலைந்து, சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள்! நேரே கவுண்டருக்குப் போய்க் கேட்டேன். எங்கள் பெயரில் பதிவாகியிருந்தது வெறும் நுழைவுச்சீட்டு மட்டும். தாமதமே நாடகம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் டீசலை முதல் நாளே போட்டிருக்கலாம் இல்லையா?

வழிகாட்டியைப் பற்றியும் சொல்லணும். ஃபூக்கோ ஊசல் என்பது நீளக் கம்பியில் தொங்கி ஆடும் குண்டு; அது ஆடும் திசை மெல்ல மெல்லத் திரும்பும். அதன் முன்னால் நின்று, "கீழ காந்தம் இருக்கு, அதுதான் திருப்புது" என்றார். பல இடங்களில் காந்தம் இருக்கும்தான், ஆட்டம் ஓய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள. திசை மாறுவது பூமி சுழல்வதால். 1851-இல் பாரிஸில் 67 மீட்டர் கம்பியில் குண்டைத் தொங்கவிட்டு ஃபூக்கோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி காட்டியதே அதைத்தானே! பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்து நானே விளக்கினேன். ஊசலைச் சுற்றி நிறுத்திவைத்த குச்சிகளில் அடுத்தது எப்போது குண்டு தட்டி விழும் என்று கண் கொட்டாமல் பார்த்தார்கள். விழுந்ததும் அவர்கள் போட்ட சத்தத்தில் காவலாளி ஓடிவந்தார். அன்றைக்கு உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான்.

ஏஜென்ட் தரும் ரசீதை நம்பாதீர்கள். அருங்காட்சியகமே தரும் முன்பதிவுச் சீட்டைக் கேளுங்கள். காட்சி நேரமும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் அதில் இருக்கணும். முந்தின நாள் அங்கே ஒரு போன் போட்டிருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். பாதிப் பணத்தையாவது திரும்பி வந்த பிறகு கொடுங்கள்.

ஏஜென்ட் இப்போது போனை எடுப்பதில்லை. "கோளரங்கம் எப்போ மிஸ்?" என்று முதல் பெஞ்ச் தினமும் கேட்கிறது. இந்த முறை நானே நேரில் போய்ப் பதிவு செய்துவிட்டு வந்தேன்.