பழுப்பாக இருப்பதெல்லாம் ஒரே பாசி அல்ல: புதிதாகக் கடல்நீர்த் தொட்டி வைப்பவர்கள் கவனத்துக்கு

பாசி மேய்வதற்காக விட்ட டர்போ நத்தைகள் ஏழையும் குப்பையில் போட்ட பிறகு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். பாசிக்கு மருந்து என்று லேபிள் இல்லாத பாட்டிலை எனக்கு விற்ற கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே பாட்டிலை இதே பேச்சோடு வேறு யாரும் உங்களிடம் நீட்டலாம்.

சென்னையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கடித் தொட்டி, சுமார் 300 லிட்டர். கொளத்தூர் சந்தையில் தங்கமீன் வாங்கி வளர்த்த அனுபவம் உண்டு. கடல்நீர் எனக்குப் புதிது. எனவே தொட்டி, பாறை, உப்பு, வாராவாரம் தண்ணீர் மாற்றுவது எல்லாவற்றையும் அந்தக் கடைக்காரர் ஒருவரிடமே ஒப்படைத்தேன். முதல் நாளே விழித்துக்கொண்டிருக்க வேண்டும். "ராமேஸ்வரம் சரக்கு சார், கடலிலிருந்து எடுத்தது" என்று பவளம் ஒட்டிய பாறையைக் காட்டினார். கற்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வேண்டாம் என்று, கடல் உயிர்கள் ஒட்டாத உலர்பாறை வாங்கினேனே தவிர, இதை விற்கத் துணிந்தவர் வேறு எதை விற்கத் தயங்குவார் என்று யோசிக்கவில்லை.

ஐந்தாவது வாரம் மணல்மீது மல்லித்தூள் தூவியதுபோலப் பழுப்பு படிந்தது. கண்ணாடியில் விரலை வைத்துத் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. அது டயட்டம், சிலிக்கேட்டைக் கொண்டு வளரும் நுண்பாசி. பெரும்பாலான புதுத் தொட்டிகளில் வருவதுதான். கிடைக்கிற சிலிக்கேட் தீர்ந்ததும் சில வாரங்களில் தானே போய்விடும். இது எனக்கு இப்போது தெரிகிறது. அன்று அவர், "பாசி சார், விட்டால் தொட்டியே போய்விடும்" என்றார். பாஸ்பேட்டை உறிஞ்சும் துகள் ஒரு பை, லேபிள் இல்லாத பாட்டில் ஒன்று, இரண்டுக்கும் 4,800 ரூபாய். பத்து நாள் கழித்து டெஸ்ட் கிட்டில் பாஸ்பேட்டும் பூஜ்யம், நைட்ரேட்டும் பூஜ்யம். "பார்த்தீர்களா, தண்ணீர் எவ்வளவு சுத்தம்!" என்றார். நானும் பெருமைப்பட்டேன்.

அந்தச் சுத்தம்தான் வினையானது. பாஸ்பேட், நைட்ரேட் என்ற சத்துகள் அறவே இல்லாத தண்ணீரில் மற்றப் பாசிகளும் பாக்டீரியாக்களும் நலிந்துபோக, டைனோஃபிளாஜெல்லேட், சுருக்கமாக டைனோ, என்கிற ஒருசெல் உயிர் தலையெடுக்கும். உலர்பாறை போட்ட புதுத் தொட்டியில் அதை எதிர்த்து நிற்க ஆளும் குறைவு. என் தொட்டியில் மூக்குச்சளி போன்ற பழுப்பு நூல்கள் பாறையிலிருந்து எழுந்து ஆடின, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு காற்றுக்குமிழி. காலையில் விளக்கு எரியும் முன் மணல் வெள்ளையாக இருக்கும், மாலைக்குள் பழையபடி மூடிவிடும். நத்தைகள் அதை மேய்ந்து ஒவ்வொன்றாக மல்லாந்தன. மறுபடி கூப்பிட்டேன். அதே பாசிதானாம், கொஞ்சம் வீரியமானதாம். அதே பாட்டில், இரட்டை அளவு.

அவர் சுத்திகரித்த நீர் என்று கொண்டுவந்த கேனில், நீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் என் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்தேன்: 118. உப்பு கலக்கும் முன் அது பூஜ்யம் காட்ட வேண்டும். சாதாரணக் குடிநீர்க் கேன்தான். வாராவாரம் 40 லிட்டர் அதைத்தான் ஊற்றியிருக்கிறார்.

பிறகு நானே சோதித்தேன். பழுப்புச் சளியைத் தொட்டித் தண்ணீரோடு சிறு பாட்டிலில் எடுத்து, கட்டிகள் கரையும்வரை குலுக்கி, வடிதாளில் வடிகட்டினேன் (நம் வீட்டு பில்டர் காபிப் பாத்திரம் இதற்கு உதவாது, வீட்டில் திட்டும் கிடைக்கும்). வடிந்த நீரை விளக்கடியில் ஒரு மணி நேரம் வைத்தேன். தெளிந்திருந்த நீரில் நூல்நூலாக மறுபடி கூடிவிட்டது. டயட்டம் அப்படி ஒன்றுசேர்வதில்லை. மகளின் பள்ளி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது எள் வடிவில் செல்கள், கயிற்றில் கட்டிய மாடு முளையைச் சுற்றுவதுபோல ஒரே இடத்தில் சுழன்றன. டைனோக்களில் ஆஸ்ட்ரியாப்சிஸ் என்ற வகை. நச்சுள்ளது, கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

சிவப்புப் போர்வையாகப் படர்ந்து, பாலாடைபோல் உரிந்து வந்தால் அது சயனோபாக்டீரியா. பச்சை முடியாக வளர்ந்தால் பெரும்பாலும் சத்து மிகுதி. கையால் பிடுங்கி, தீனியைக் குறைக்க வேண்டும். எனக்குத் தேவைப்பட்டதோ நேர்மாறு. பாஸ்பேட் துகளை எடுத்தெறிந்தேன், தண்ணீர் மாற்றுவதை நிறுத்தினேன், மீனுக்குத் தீனியைக் கூட்டினேன், சோடியம் நைட்ரேட் சேர்த்து நைட்ரேட்டை 5 பிபிஎம்முக்குக் (லிட்டருக்கு 5 மில்லிகிராம்) குறையாமல் வைத்திருந்தேன். இந்த வகை இரவில் மணலை விட்டுத் தண்ணீரில் மிதக்கும் என்பதால், மிதப்பவற்றைக் கொல்லும் புற ஊதா விளக்கும் வைத்தேன். மணலிலேயே தங்கிவிடும் ஆம்பிடினியம் வகைக்கு அந்த விளக்குச் செலவு வீண். ஏழு வாரம் ஆயிற்று. இப்போது பின்கண்ணாடியில், தொட்டி தேறிவருவதற்கு அடையாளமாக, கோரலைன் என்ற நல்ல பாசியின் ஊதா நிறப் புள்ளிகள் தெரிகின்றன.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "திறந்த பாட்டிலைத் திரும்ப எடுக்க மாட்டோம் சார்." உள்ளே என்ன மருந்து என்றாவது சொல்லச் சொன்னேன். "கம்பெனி ரகசியம்" என்றார். பாக்கி அரை பாட்டில் இன்னும் தொட்டிக்கு அடியில்தான் இருக்கிறது. எதில் கொட்டுவது என்று தெரியாமல் வைத்திருக்கிறேன்.