கடல் தூண்டில் ‘முழு செட்’ வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

போன மாதம் நான் கரையிலிருந்து வீசிய 120 கிராம் ஈயக்குண்டு, வீசிய கணத்திலேயே தூண்டில் நரம்பு அறுந்து, கடல் பக்கம் போகாமல் வலப்பக்கமாகப் பறந்தது. அங்கே தன் அம்மாவோடு நடந்து வந்துகொண்டிருந்த ஒரு சிறுவனுக்கு நான்கைந்து அடி முன்னால், ஈர மணலில் போய்ப் புதைந்தது. ‘டப்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

நான் கவனக்குறைவாக வீசவில்லை. பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, சொல்லிக்கொடுத்தபடியே தலைக்கு மேலாகத்தான் வீசினேன். ஆனால் என் கையில் இருந்த சாமான் கடலில் வீசுவதற்கு லாயக்கற்றது. அதை எனக்கு விற்றவருக்கு அது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கீழே விவரமாக எழுதுகிறேன். தூண்டில் பழக ஆசைப்பட்டு இதே மாதிரி பெட்டி வாங்கப்போகும் ஒருவராவது இதைப் படித்துவிட்டு நிற்க வேண்டும்.

கரையில் நின்று கடல் மீன் பிடிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சொல்லித்தர ஆள் இல்லை. அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. ‘புதியவர்களுக்கான முழு செட், பெட்டியைப் பிரித்ததும் கடலில் வீசலாம், கூடவே ஒரு நாள் பயிற்சி’. 3.6 மீட்டர் நீளத்துக்கு இழுத்து நீட்டும் ‘கார்பன்’ ராடு, நரம்பைச் சுற்றி வைக்கும், பதினான்கு பேரிங் கொண்ட ரீல், அதில் சுற்றியே வைத்த நரம்பு, நூறு முள், ஐந்து ஈயக்குண்டு, கலர் கலராகப் பிளாஸ்டிக் மீன்கள், ராடு நுனியில் மாட்டும் மணி. சில மாதம் சேர்த்து வைத்த பணத்தை மொத்தமாகக் கொடுத்தேன்.

கொடுப்பதற்கு முன் போனில் ஒரு கேள்வி கேட்டேன். ஷாக் லீடர் என்று எங்கோ படித்திருந்தேன், அது இதில் இருக்கிறதா என்று. “அதெல்லாம் போட்டிக்குப் போறவங்களுக்கு சார். உங்களுக்குத் தேவையே படாது. நரம்பு நாங்களே சுற்றித் தருகிறோம், நீங்க எதையும் தொட வேண்டாம்” என்றார். இந்தப் பதில்தான் எல்லாவற்றிலும் பெரிய ஏமாற்று. ஒரு சிறுவனின் உயிரோடு விளையாடிய பதில் அது.

ஷாக் லீடர் என்பது ஒன்றும் பெரிய சங்கதி இல்லை. ரீலில் இருக்கும் மெல்லிய நரம்பின் முனையில் கட்டும் தடித்த நரம்பு, அவ்வளவே. ஈயத்தை வேகமாகச் சுண்டி வீசும்போது நரம்பின் மேல் வரும் இழுப்பு, ஈயத்தின் வெறும் எடையைப் போலப் பல மடங்கு. மெல்லிய நரம்பு அந்தச் சுண்டலில் அறுந்துவிடும். அறுந்த ஈயம் எந்தத் திசையில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கரைத் தூண்டில்காரர்கள் பலர் வைத்துக்கொள்ளும் கணக்கு இது: ஒவ்வொரு அவுன்ஸ் ஈயத்துக்கும், அதாவது சுமார் 28 கிராமுக்கு, 10 பவுண்டு தாங்கும் லீடர் வேண்டும். 120 கிராமுக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட 19 கிலோ. அதன் நீளம் ராடைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். ஈயத்தைத் தொங்கவிட்டு வீசத் தயாராக நிற்கும்போதும் லீடர் ரீலில் ஐந்தாறு சுற்றாவது சுற்றியிருக்க வேண்டும். அப்போதுதான் முழு இழுப்பையும் தடித்த நரம்பு வாங்கிக்கொள்ளும். அதன் விலை அந்தப் பெட்டியின் விலையில் ஒரு துளிகூட இல்லை. அதைக்கூட வைக்காமல் கூடவே 120 கிராம் ஈயத்தை வைத்து விற்றிருக்கிறார்.

அன்றைக்கு நான் ராடைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மாவிடம் ஓடினேன். அவர் பையனை இழுத்து அணைத்துக்கொண்டு நின்றார். என்ன சொல்லி மன்னிப்பு கேட்டேன் என்று நினைவில்லை. சற்றுத் தள்ளி தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து எழுந்து வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “தம்பி, அந்த நரம்பைக் கொஞ்சம் காட்டுங்க” என்றார்.

என் மீன்பிடிப் பாடம் அங்கேதான் தொடங்கியது என்று சொல்ல வேண்டும். நரம்பை ஒரு முழம் உருவிப் பார்த்தார். அது ஸ்பிரிங் மாதிரி சுருண்டது. பல இடத்தில் வெளுத்து, மாவு பூசியதுபோல் இருந்தது. நைலான் நரம்பு நாள்பட வெயில் பட்டால் இப்படித்தான் பலம் இழக்கும் என்றார். துண்டை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு ஒரு முடிச்சுப் போட்டு இழுத்தார். பெரிய சிரமமில்லாமல் அறுந்தது. பெட்டியில் ‘0.35 மி.மீ., 15 கிலோ தாங்கும்’ என்று அச்சிட்டிருந்தது. 0.35 மி.மீ. நைலான் புதிதாக இருந்தாலே பொதுவாக 7 முதல் 9 கிலோ வரைதான் தாங்கும். முடிச்சுப் போட்டால் அதற்கும் குறைவு.

அப்புறம் மொத்த நரம்பையும் உருவச் சொன்னார். நாற்பது மீட்டர் போல வந்ததும் ஒரு முடிச்சு. இன்னும் கொஞ்சம் போனால் இன்னொன்று. மிச்சம் மீதியாகக் கிடந்த மூன்று துண்டுகளை ஒட்டுப்போட்டு ரீலை நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ‘நீங்க எதையும் தொட வேண்டாம்’ என்பதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. மேலே பார்த்தால் ரீல் அழகாக, விளிம்பு வரை நிறைந்து இருக்கும். அதிலும் ஒரு தப்பு உண்டு. விளிம்புக்கு இரண்டு மூன்று மி.மீ. கீழேயே நரம்பு நிற்க வேண்டும், விளிம்பு வரை நிரப்பினால் வீசும்போது கொத்தாகக் கழன்று சிக்கு விழும்.

ராடு கார்பனே இல்லை. ஒரு மூட்டில் விரிசல் விட்டிருந்த இடத்தில் உள்ளே வெள்ளையாக நார் தெரிந்தது. கார்பனாக இருந்தால் கறுப்பாக இருக்கும். மேலே கறுப்புப் பெயின்ட் அடித்த பைபர் கிளாஸ். பைபர் கிளாஸ் ராடு மட்டமானது என்று நான் சொல்லவில்லை. அடிபட்டாலும் தாங்கும், புதியவர்களுக்கு நல்ல துணை. அதை அதன் பெயரிலேயே விற்றிருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. இதைவிட முக்கியமானது, எத்தனை கிராம் வரை வீசலாம் என்ற எண் அந்த ராடில் எங்குமே இல்லை. கரையிலிருந்து வீசும் ஒழுங்கான ராடில் பிடிக்கு மேலே ‘100–200 கி.’ என்பது போல எழுதியிருப்பார்கள். அந்த எண் இல்லாத ராடை வாங்கவே வாங்காதீர்கள்.

பெரியவர் ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து ராடின் நுனி வளையத்துக்குள் விட்டுச் சுற்றினார். பஞ்சு இழை பிடித்து நின்றது. வளையத்தின் உள்பக்கம் செராமிக் இல்லை, வெறும் தகடு, அதில் நுண்ணிய வெட்டு. ஒவ்வொரு வீச்சிலும் அந்த வெட்டு நரம்பை அறுத்துக்கொண்டே இருந்திருக்கும். கடையில் நின்றபடி அரை நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை இது. பிளாஸ்டிக் மீன்களோ ஒவ்வொன்றும் பத்து கிராம்கூட வராது. 120 கிராம் ஈயத்துக்கென்று கொடுத்த ராடில் அவற்றை வீசினால் காலடியில் விழும். பெட்டியில் இருந்த பொருள் ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. விற்காமல் தேங்கியதை எல்லாம் ஒரே பெட்டியில் போட்டு ‘முழு செட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது என் முடிவு.

ரீலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பதினான்கு பேரிங் என்ற எண்ணை நம்ப வேண்டாம், உப்பைத் தாங்கும் நான்கு பேரிங் இருந்தால் அது மேல். ஒவ்வொரு முறையும் டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடியை, இறுக்கிவிட்டு நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்துத் துடைத்துத்தான் வைத்தேன். மூன்றாவது வாரம் கைப்பிடியைச் சுற்றினால் துருத்தண்ணீர் கசிந்தது. பிறகு சுற்றவே இல்லை.

பயிற்சி நாளையும் சொல்லிவிடுகிறேன், அதற்கும் விற்றவர் பணம் வாங்கியிருக்கிறார். காலை பதினோரு மணிக்கு வரச் சொன்னார். ஒன்பது பேர் போயிருந்தோம். போய்ப் பார்த்தால் தண்ணீர் முழுக்க வற்றி, தட்டையான மணல் நீண்டு கிடந்தது. ஏன் இந்த நேரம் என்று ஒருவர் கேட்டதற்கு, “மீன் எப்பவும் இருக்கும் சார், தூரம் போட்டா போதும்” என்றார். பொதுவாகக் கரை மீன் ஓதத்தோடு, அதாவது கடல் ஏறி வற்றுவதோடு, வரும், ஓதத்தோடு போகும். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம் உள்ள கரைகளில் ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் நடுவே சுமார் ஆறேகால் மணி நேரம். தினமும் அது கிட்டத்தட்ட ஐம்பது நிமிடம் பின்தள்ளிப் போகும். ஆகவே ‘பதினோரு மணிப் பயிற்சி’ என்று கிழமையைப் பார்த்து நேரம் வைப்பவர் ஓதத்தைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். வற்றத்தில் கரையைப் பார்ப்பதில் ஒரு பெரிய பயன் உண்டு. எங்கே பள்ளம், எங்கே மேடு, எங்கே கல் என்று அப்போதுதான் தெரியும். அதையாவது காட்டியிருக்கலாம். அவர் காட்டியது தன் வீச்சைத்தான். நாங்கள் நின்று பார்த்தோம்.

தூரம், தூரம் என்று அவர் சொன்னதுதான் என் கையில் 120 கிராமைக் கொண்டுவந்து வைத்தது. மணல் கரையில் அலை உடைந்து வரும் இடத்துக்குச் சற்று உள்ளே ஒரு பள்ளம் ஓடும். அலை கிளறிவிடும் இரைக்காக மீன் அங்கே, கரையிலிருந்து இருபது முப்பது மீட்டருக்குள்ளேயே மேயும். இரண்டாவது முறை தனியாகப் போனபோது நான் அந்தப் பள்ளத்தைத் தாண்டி எங்கோ போட முயன்றேன். 50 கிராம் ஈயத்தை மெதுவாக வீசியிருந்தாலே போதும் என்று பெரியவர் பின்னால் சொன்னார். சொன்னபடி தன் ராடைக் கொடுத்துக் காட்டவும் செய்தார்.

பயிற்சியில் நடந்த இன்னொன்று. கூட வந்த ஒருவருக்குச் சின்னக் கெளுத்தி ஒன்று மாட்டியது. அவர் ஆசையோடு கையால் பிடித்தார். முதுகு முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. கெளுத்தியின் முதுகிலும் இரு பக்கத்திலும் ரம்பம் போன்ற முள் உண்டு, அதில் விஷமும் உண்டு. பிடிக்கும் முன் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? “ஒண்ணும் ஆகாது, கொஞ்ச நேரத்துல சரியாயிடும்” என்று சொல்லிவிட்டு விற்றவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். அந்த மனிதர் வலியில் துடித்தார். இப்படி ஆனால் தோல் வெந்துவிடாத, பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல், வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் கையை வைக்க வேண்டும். வலி குறைந்தாலும் முள் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம், அதனால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். பெயர் தெரியாத மீனை வெறும் கையால் தொடாதீர்கள். துணி, இடுக்கி, இரண்டும் பையில் இருக்கட்டும்.

ஈயம் பறந்த மறுநாள் விற்றவருக்குப் போன் செய்தேன். முதலில் நான் வீசியது தப்பு என்றார். ஒட்டுப்போட்ட நரம்பின் படத்தை அனுப்பியதும், “உப்புத் தண்ணி பட்ட பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது, பில்லுக்குப் பின்னாடி போட்டிருக்கு” என்றார். போட்டுத்தான் இருந்தது, பொடி எழுத்தில். கடலுக்கென்று விற்ற பெட்டி, கடல் நீர் பட்டால் உத்தரவாதம் இல்லை. அதன் பிறகு அவர் என் எண்ணைத் தடுத்துவிட்டார். பில், படங்கள், நரம்புத் துண்டு, உடைந்த மூட்டு எல்லாவற்றையும் வைத்து நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் திரும்புமா, தெரியாது. அந்த விளம்பரம் நிற்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

இதே மாதிரி பெட்டியை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள், தயவுசெய்து அடுத்த முறை வீசும் முன் ஒரு மாலையை இதற்கு ஒதுக்குங்கள். ரீலில் உள்ள நரம்பை முழுக்க உருவி, விரலுக்கு நடுவே ஓடவிட்டு முடிச்சோ சொரசொரப்போ இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முனையைத் தொங்கு தராசில் கட்டி, மறுமுனையைக் கட்டையில் சுற்றி மெல்ல இழுங்கள். எத்தனை கிலோவில் அறுகிறது என்று தெரிந்துவிடும். வெறும் கையில் சுற்றி இழுக்காதீர்கள், தோலை அறுத்துவிடும். பழைய நரம்பு என்றால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது சுற்றுங்கள். தூக்கிப் போடும் நரம்பைத் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போடுங்கள், கரையில் விட்டால் பறவையின் காலில் சிக்கும். லீடர் கட்டும்போது முடிச்சை இறுக்கும் முன் நரம்பை எச்சிலிலோ தண்ணீரிலோ நனையுங்கள். நனைக்காமல் இறுக்கினால் உரசல் சூட்டிலேயே பலம் போய்விடும். இவ்வளவும் முடியும் வரை அந்த 120 கிராம் ஈயத்தைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்க வேண்டாம்.